ஏசி போட்டுத் தூங்கினால் காலையில் தலை கனக்கிறது: படுக்கையறைக்குள் காற்று வர என்ன வழி?

மூன்றாம்மாடி

வணக்கம். மடிப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. நான், மனைவி, ஆறு வயது மகள் மூவரும் ஒரே அறையில்தான் படுக்கை. அறை பத்துக்குப் பன்னிரண்டு, உயரம் பத்தடி. ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி. யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல், சாத்திவிட்டால் தெருச் சத்தம் உள்ளே கேட்காது. பில்டர் அதைப் பெருமையாகச் சொல்லித்தான் விற்றார்.

ஒரு வருஷமாகக் காலையில் எழுந்தால் தலை பாரமாக இருக்கிறது, எட்டு மணி நேரம் தூங்கியும் தூங்காத மாதிரி. மனைவிக்கும் அப்படியே. பிரஷர், கண், சைனஸ் எல்லாம் பார்த்தாயிற்று. போன வாரம் அலுவலக நண்பர் ஒருவர் கார்பன் டை ஆக்சைடு அளக்கும் மீட்டரை இரவல் கொடுத்தார். ராத்திரி பத்தரைக்குக் கதவைச் சாத்தும்போது 610 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 610 பங்கு). பன்னிரண்டரைக்கு எழுந்து பார்த்தால் 1,700ஐத் தாண்டிவிட்டது. காலை ஆறு மணிக்கு 2,640. மொட்டைமாடிக்கு எடுத்துப் போனால் 430.

ஏசி வெளியிலிருந்து காற்றை இழுக்காதா? ஜன்னலைத் திறந்தால் கொசு. ஏர் ப்யூரிஃபையர் வாங்கினால் சரியாகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏசிமெக்கானிக்_மதுரை

இழுக்காது சார். பத்து வீட்டுக்குப் போனால் எட்டு வீட்டில் இந்தச் சந்தேகம் இருக்கிறது. உங்கள் வீட்டுச் சுவரைத் துளைத்து வெளியே போகிற இரண்டு செம்புக் குழாயிலும் ஓடுவது கேஸ் மட்டும்தான், காற்று இல்லை. உள்ளே இருக்கிற பெட்டி, அறைக்குள் இருக்கிற அதே காற்றை மேலே இழுத்துக் குளிரவைத்துக் கீழே தள்ளுகிறது. நீங்கள் விட்ட மூச்சைத்தான் ராத்திரி முழுக்கச் சுற்றிச் சுற்றி வாங்குகிறீர்கள்.

பழைய ஜன்னல் ஏசியில் ஓரத்தில் ஒரு குட்டி நெம்புகோல் இருக்கும். அதைத் திறந்தால் உள்காற்றில் கொஞ்சம் வெளியே போகும். அதையும் யாரும் தொட்டதில்லை. "மூச்சு முட்டுது, கேஸ் கம்மியா இருக்கு போல, கேஸ் போடுங்க" என்று கூப்பிடுவார்கள். கேஸ் சரியாகத்தான் இருக்கும்.

எதுக்குசார்இதெல்லாம்

எங்கள் தாத்தா பாட்டிக்கு மீட்டரும் இல்லை, பிபிஎம்மும் இல்லை. தொண்ணூறு வயது வரை இருந்தார்கள். மீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள் சகோ.

சுண்ணாம்புச்சுவர்

மேலே இருக்கும் நண்பருக்கு: உங்கள் தாத்தா படுத்தது திண்ணையிலோ, முற்றத்திலோ, மொட்டைமாடியிலோ இருக்கும். யுபிவிசி ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்திருக்க மாட்டார். விரிவாக எழுத வேண்டும், இரவு வருகிறேன்.

கணக்குப்பிள்ளை

முதலில் மீட்டர் என்டிஐஆர் வகையா, அதாவது அகச்சிவப்பு ஒளியை வைத்து அளப்பதா என்று பாருங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைப்பவற்றில் பல கார்பன் டை ஆக்சைடை அளப்பதே இல்லை. காற்றில் இருக்கும் வேறு ஆவிகளை மோப்பம் பிடித்து ஒரு எண்ணை உத்தேசமாகக் காட்டும். பக்கத்தில் சென்ட் அடித்தால் 3,000க்குப் போகும். உங்களுடையது மொட்டைமாடியில் 430 காட்டுவதால் நல்லதாகத்தான் இருக்க வேண்டும். வெளிக்காற்றில் இன்று 420ஐ ஒட்டித்தான் இருக்கிறது.

சரி, கணக்கு. தூங்குகிற பெரியவர் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். குழந்தைக்கு 8 என்று வைத்தால் மூவருக்கும் 32. உங்கள் அறை 1,200 கன அடி, அதாவது 34 கன மீட்டர். ஒரு பொட்டுக் காற்றும் மாறாவிட்டால் மணிக்கு 940 பிபிஎம் ஏறும். விடியும்போது 7,000ஐத் தாண்டியிருக்க வேண்டும். 2,640இல் நின்றது என்றால் கதவிடுக்கில் ஏதோ வந்துபோகிறது என்று அர்த்தம். திருப்பிப் போட்டுப் பார்த்தால் அது மணிக்கு 14 கன மீட்டர். 1,000க்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டுமானால் 55 கன மீட்டர் வேண்டும். இப்போது வருவதுபோல் நாலு மடங்கு.

கேட்கப் பெரிதாகத் தெரியும், ஆனால் சின்ன அளவுதான். குளியலறையில் மாட்டுகிற ஆறங்குல எக்ஸாஸ்ட் ஃபேனின் பெட்டியிலேயே 200 கன மீட்டர் என்கிற மாதிரி ஏதாவது போட்டிருக்கும். பொருத்தியபின் அதில் பாதி கிடைத்தாலும் உங்களுக்குப் போதும். அமெரிக்காவில் வீடுகளுக்கான ஆஷ்ரே 62.2 என்ற தரவிதிப்படி, இரண்டு படுக்கையறை உள்ள ஆயிரம் சதுர அடி வீடு முழுவதற்கும் நிமிஷத்துக்கு 52 கன அடி வெளிக்காற்று வர வேண்டும். மணிக்கு 90 கன மீட்டருக்குக் கொஞ்சம் கீழே.

ப்யூரிஃபையர் கேட்டீர்களே, அது தூசியைப் பிடிக்கும், புகையைப் பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடு வாயு, ஹெப்பா ஃபில்டர் அதை ஒன்றும் செய்யாது. வாங்கி வைத்தாலும் காலையில் 2,640தான் இருக்கும்.

வெள்ளைக்கோட்டு

அரசு மருத்துவமனையில் பணிபுரிகிறேன். பயமுறுத்தாமல் சொல்லப் பார்க்கிறேன்.

2,640 விஷம் இல்லை. தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கும் அளவே 5,000. ஆயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், 1858இல் மியூனிக்கில் மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர் என்பவர் அறைக் காற்று கெட்டுவிட்டதற்கு ஓர் அடையாளமாக அதைச் சொன்னார். அடையாளம் என்பதைக் கவனியுங்கள். கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது என்றால் மூச்சு ஈரம், வியர்வை வாடை, பெயின்ட் ஆவி, ஒருவருக்குச் சளி என்றால் அந்தக் கிருமி, எல்லாமே அறைக்குள் தேங்குகிறது என்று பொருள். 2012இல் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் சம்பந்தப்பட்ட ஒரு சோதனையில், 2,500இல் ஆட்கள் முடிவெடுக்கும் திறன் நன்றாகவே குறைந்தது. பிறகு வந்த சோதனைகளில் சில அதே விடையைத் தரவில்லை.

ஆகவே தலைக்கனத்துக்கு இதுதான் காரணம் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்கள் குறட்டை விடுகிறீர்களா? மனைவியிடம் கேளுங்கள், உங்களுக்குத் தெரியாது. குறட்டை, காலையில் தலைவலி, பகலில் தூக்கம் மூன்றும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அதைச் செய்துகொண்டே காற்றையும் சரிசெய்யுங்கள்.

இன்னொரு கேள்வி. அந்த அறையில் வேறு என்ன எரிகிறது, என்ன ஆவியாகிறது? கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே, அந்துருண்டை? ஒளிக்காமல் சொல்லவும்.

மூன்றாம்மாடி

டாக்டர், குறட்டை உண்டாம். மனைவி உடனே சொல்லிவிட்டார்.

மற்றதையும் ஒப்புக்கொள்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஹாலில் ஒரு கொசுவர்த்திச் சுருள். படுக்கையறையில் ராத்திரி முழுக்கக் கொசு லிக்விட். வெள்ளிக்கிழமை சாம்பிராணி. பட்டுப்புடவை பீரோவில் அந்துருண்டை, அந்த பீரோ கட்டிலுக்குப் பக்கத்தில். போன வருஷம் செய்த ப்ளைவுட் வார்ட்ரோபைத் திறந்தால் இன்னும் கண்ணைக் கரிக்கும். எழுதும்போதே எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

வெள்ளைக்கோட்டு

கொசுவர்த்தியிலிருந்து ஆரம்பியுங்கள். சீனா, மலேசியா சுருள்களை வைத்து 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம், ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட் அளவுக்கு இருக்கலாம் என்று அதில் கண்டார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு ஹாலில் ஏற்றுகிறீர்கள். வலை போடுங்கள், கொசுவலைக் கட்டில் வாங்குங்கள், டெங்கு காலத்தில் கொசுவை விட்டுவிடச் சொல்லவில்லை. சுருளை மட்டும் வீட்டுக்குள் வேண்டாம்.

அந்துருண்டை நாஃப்தலீன். உலக சுகாதார நிறுவனம் 2010இல் வீட்டுக்காற்றுக்கென்று தனியாக வரம்பு வகுத்த சில பொருட்களில் அதுவும் ஒன்று. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அந்துருண்டை போட்டு வைத்த துணியாலேயே ரத்தச் சிவப்பணு உடைவது உண்டு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கட்டாயம் கூடாது. புடவையை வெயிலில் உலர்த்தி, வேப்பிலையோ வசம்போ போட்டு வையுங்கள்.

பச்சைத்தொட்டி

பாம்புச்செடி, மணி பிளான்ட் இரண்டு வையுங்கள் நண்பரே! ராத்திரியிலும் ஆக்சிஜன் தரும். நாசாவே சொல்லியிருக்கிறது.

கணக்குப்பிள்ளை

நாசா சோதனை நடந்தது உண்மை, 1989. ஆனால் செடியை மூடிய சின்னக் கூண்டுக்குள் வைத்துச் செய்தது. கதவிடுக்கு உள்ள சாதாரண வீட்டில், அந்த இடுக்கு செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டுமானால் சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் தொட்டி வேண்டும் என்று 2019இல் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். உங்கள் படுக்கையறை 11 சதுர மீட்டர். குறைந்தது நூற்றுப்பத்துத் தொட்டி. கட்டிலை வெளியே போட வேண்டியதுதான்.

பச்சைத்தொட்டி

சரி சரி. அழகுக்காவது வையுங்கள்.

சுண்ணாம்புச்சுவர்

சொன்னபடி வந்துவிட்டேன். கோவையில் கட்டட வேலை செய்கிறேன், பிறந்தது காரைக்குடிப் பக்கம்.

ஜன்னலுக்குப் பழந்தமிழில் காலதர் என்று ஒரு சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. நாம் இப்போது ஜன்னலை வெளிச்சத்துக்கும் வேடிக்கைக்கும் வைக்கிறோம், காற்றுக்கு ஏசி இருக்கிறதே என்று. எங்கள் பக்கத்து வீடுகளில் தெருவாசலில் நின்றால் கொல்லைக்கதவு தெரியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். நடுவில் முற்றம். வெயிலில் சூடேறிய காற்று முற்றத்து வழியாக மேலே கிளம்ப, வாசல் பக்கமிருந்து புதுக்காற்று அந்த இடத்துக்கு வரும். மின்சாரமே தேவையில்லாத எக்ஸாஸ்ட் ஃபேன் அது. சாதாரண ஓட்டு வீட்டில்கூடச் சுவர் உச்சியில் சின்னதாக வென்டிலேட்டர் இருந்தது. அதில் சிட்டுக்குருவி கூடு கட்டும். எழுபது எண்பதுகளில் கட்டிய காலனி வீடுகளிலும் ஜன்னலுக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு திறப்பு விட்டிருப்பார்கள். அந்த இடத்தை இப்போது லாஃப்ட் எடுத்துக்கொண்டது, பழைய குக்கரும் சூட்கேஸும் வைக்க.

இனி உங்கள் ஃபிளாட். தேசியக் கட்டட விதித் தொகுப்பு, வெப்பமும் ஈரமும் உள்ள நம் கடலோரம் போன்ற ஊர்களுக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு கேட்கிறது. உங்கள் அறை 120 சதுர அடி, ஆக 20 சதுர அடி. ஜன்னல் எவ்வளவு? நாலுக்கு நாலு என்றால் 16. அதுவும் ஸ்லைடிங். இரண்டு கதவில் ஒன்று எப்போதும் மற்றதன் பின்னால் நிற்கும், பாதிதான் திறக்கும். 8 சதுர அடி. அதில் கொசுவலை, வலையில் ஒரு வருஷத்துப் புழுதி. வெளிப்பக்கம் திறக்கிற பழைய மாடல் ஜன்னலாக இருந்தால் கிட்டத்தட்ட முழுசும் திறந்திருக்கும். ஸ்லைடிங் வந்ததற்குக் காரணம் கிரில்லும் இடமும், காற்றை யாரும் நினைக்கவில்லை.

இதைவிட முக்கியமானது ஒன்று. ஜன்னலைத் திறந்தால் காற்று வந்துவிடும் என்று நினைக்கிறோம். வந்த காற்று வெளியே போக இன்னொரு வழி இல்லாவிட்டால் அது வாசலோடு நின்றுவிடும். புட்டியின் வாயில் ஊதிப் பாருங்கள். ஒரே ஒரு சுவரில் ஜன்னல் உள்ள படுக்கையறைக் கதவைச் சாத்தினால் அது புட்டிதான். இப்போது கட்டுகிற ஃபிளாட்டுகளில், நடைபாதைக்கு இரண்டு பக்கமும் வீடு வைக்கிற வரைபடத்தில், ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம்தான் வெளிச்சுவர் கிடைக்கிறது. சென்னையில் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வந்து கதவைத் தட்டுகிறது, போக வழியில்லை.

உங்களுக்கு என் யோசனை: அறைக்கு ஒட்டிய குளியலறை இருக்கிறதா? அதன் எக்ஸாஸ்ட் ஃபேன்தான் வெளியே போகும் வழி. உள்ளே வரும் வழியை ஹால் பக்கம் வையுங்கள்.

அடுப்படிஅலமேலு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தலைப்பு படுக்கையறை என்றாலும் சமையலறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபதாயிரம் கொடுத்து சிம்னி வாங்கினோம். ஃபிளாட்டில் சுவரைத் துளைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் குழாய் இல்லாத வகையை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மிளகாய் தாளித்தால் முன்பு அடுப்படியில் இருமினோம், இப்போது சிம்னி அதை மேலே வாங்கி முகத்துக்கு நேராக ஊத, ஹாலில் உட்கார்ந்து இருமுகிறோம். எண்ணெய்ப் பிசுக்கைக் கொஞ்சம் பிடிக்கிறது. நீராவி, காரம், கேஸ் எரிகிற புகை எல்லாம் வீட்டுக்குள்ளேயே. கடைசியில் சங்கத்தோடு சண்டை போட்டு ஜன்னலின் ஒரு கண்ணாடியை எடுத்து, அதில் ஆறங்குலக் குழாய்க்கு ஓட்டை போட்ட தகடு வைத்தோம். வளைவு ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வளைவுக்கும் இழுப்பு குறையும் என்று பொருத்த வந்த பையன் சொன்னான், அது சரிதான்.

குழாய் வைத்த பிறகு புதிதாக ஒரு நாற்றம். சிம்னி போட்டால் போதும், விருந்தினர் குளியலறையிலிருந்து சாக்கடை வாடை. எலி செத்துவிட்டது என்று இரண்டு நாள் தேடினோம்! பிறகுதான் தெரிந்தது: எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டுச் சிம்னி போட்டால் அதற்குக் காற்று எங்கிருந்தாவது வர வேண்டுமே. யாரும் பயன்படுத்தாத குளியலறையில் நானி ட்ராப்பில் (தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்கு அடியில் இருக்கும் கிண்ணம்) சாக்கடை வாடையை மறிக்க நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப் போயிருந்தது. அந்த வழியாக இழுத்திருக்கிறது. இப்போது வாரம் ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுகிறேன், சிம்னி போடும்போது பால்கனிக் கதவை நாலு விரல் திறந்து வைக்கிறேன். வாடை இல்லை.

குன்னூர்க்குளிர்

அலமேலு அக்கா சொன்ன அதே விஷயம் ஆளைக் கொல்லும். குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

கீசர் எரிய ஆக்சிஜன் வேண்டும். மூடிய சின்ன அறையில் அது குறையக் குறைய, சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. சிலிண்டர் கேஸில் வருகிற நாற்றம் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றே சேர்க்கிற பொருளுடையது, எரிந்தபின் அது இருக்காது. குளிக்கப் போனவர் கால் துவண்டு விழுவார், தாழ்ப்பாள் உள்ளே. எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். உள்ளே வர வழி விடாமல் ஃபேன் மட்டும் ஓடினால், கீசரின் புகையையே அது திருப்பி உள்ளே இழுக்கலாம். கீசர் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் இருக்க வேண்டும். அதுதான் ஒரே வழி.

எங்கள் ஊரில் இன்னொன்று. டிசம்பர் ஜனவரியில் வருகிற சுற்றுலாக்காரர்கள், சாயங்காலம் கோழி சுட்ட கரி அடுப்பைக் குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று அறைக்குள் தூக்கி வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பார்கள். தணல் புகையாதே, அதனால் பயம் வராது. நான் வேலை பார்த்த ஒரு விடுதியில் அப்படி ஒரு குடும்பத்தை நடுராத்திரியில் கதவை உடைத்து வெளியே கொண்டுவந்தோம், பிழைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கரியை எண்ணித்தான் கொடுக்கிறோம், எண்ணித்தான் திரும்ப வாங்குகிறோம்.

கேஸ் கசிவு அலாரமும் மோனாக்சைடு அலாரமும் வேறு வேறு. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும், அதற்கான அலாரம் கீழே வைக்க வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றதற்கும் ஆயிற்று என்று இருக்காதீர்கள்.

மூன்றாம்மாடி, உங்கள் குளியலறையில் கேஸ் கீசர் இல்லையே?

மூன்றாம்மாடி

எங்கள் வீட்டில் கரண்ட் கீசர்தான். ஆனால் திருச்சியில் அப்பா வீட்டில் குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் இருக்கிறது. ஜன்னலுக்கு அட்டை ஒட்டியிருக்கிறார், குளிர்காற்று வருகிறதாம். இப்போதே போன் செய்கிறேன்.

டொரன்டோபனி

யாழ்ப்பாணத்தில் பிறந்து இருபது வருஷமாக டொரன்டோவில் இருக்கிறேன். இங்கே குளிருக்காக வீட்டை இறுக்கி அடைத்துக் கட்டுவதால் இந்தப் பிரச்சினை முன்பே வந்துவிட்டது. புது வீடுகளில் நிலவறையில் எச்ஆர்வி என்ற பெட்டி இருக்கும். வெளியே போகிற காற்றின் சூட்டை உள்ளே வருகிற காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும், இரண்டும் கலக்காது.

ஆனால் அண்ணன், இதைப் பார்த்து நீங்கள் ஒன்றை வாங்கிவிட வேண்டாம். எச்ஆர்வி சூட்டை மட்டும்தான் மாற்றும், ஈரத்தை மாற்றாது. சென்னைக்கும் கொழும்புக்கும் ஈரம்தான் பெரிய சுமை. ஈரத்தையும் சேர்த்து மாற்றுகிற ஈஆர்வி வேறு வகை, விலை கூட. ஒரு அறைக்கு அது தேவையா என்று கணக்குப்பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

கணக்குப்பிள்ளை

தேவையில்லை என்பதற்குக் கணக்கு இதோ. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். உள்ளே 26 டிகிரி, 55 சதவீதம். மணிக்கு 55 கன மீட்டர் வெளிக்காற்றை விட்டால் ஏசிக்குக் கூடுதலாக அரைக் கிலோவாட் குளிர்ச்சி வேலை. அதில் ஆறில் ஐந்து பங்கு ஈரத்தைப் பிழிவதற்கே போகிறது, சூட்டைக் குறைக்க மிச்சம்தான். சுமாரான இன்வெர்ட்டர் ஏசியில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டும் சொச்சமும் கரண்ட். மின்கட்டணத்தில் நாம் எந்த அடுக்கில் இருந்தாலும் ராத்திரிக்கு ஒரு டீ விலை. அதை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை இறுக்கமாக அடைத்துக்கொண்டு படுக்கிறோம்.

மூன்றாம்மாடி

பத்து நாள் சோதனை முடிந்தது. எல்லா எண்ணும் காலை ஆறு மணிக்கு எடுத்தது.

படுக்கையறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்தது: 1,240. ஆனால் ஹாலே 900க்கு வந்துவிட்டது, குளிரும் ஹாலுக்குப் போய்விட்டது.

ஜன்னலை இரண்டு அங்குலம் திறந்தது: ஒரு நாள் 1,380, மறுநாள் காற்றே இல்லாத புழுக்கம், 1,910. சுண்ணாம்புச்சுவர் சொன்ன புட்டிக் கதை கண்ணெதிரே நடந்தது. இரண்டு நாளிலும் கதவு சாத்தியிருந்தது.

அப்புறம் அவர் சொன்ன வழி. ஹால் பால்கனிப் பக்கம் வலையோடு ஜன்னலை மூன்று அங்குலம் திறந்தேன். படுக்கையறைக் கதவைச் சாத்தினேன், அடியில் முக்கால் அங்குல இடைவெளி ஏற்கனவே இருந்தது (தூசி வருகிறது என்று அதற்கு ரப்பர் பட்டை ஒட்டியிருந்தோம், பிய்த்துவிட்டேன்). குளியலறைக் கதவைத் திறந்து வைத்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுப் படுத்தேன். ஊதுபத்தியைக் கதவடியில் பிடித்தால் புகை கோடு போட்ட மாதிரி உள்ளே போனது. காலையில் 870.

ஆனால் அன்றிரவு யாரும் தூங்கவில்லை. ஃபேன் சத்தம் டிராக்டர் மாதிரி. ஏசியும் ஓய்வே எடுக்கவில்லை.

தலைக்கனம்? கொசுவர்த்தி, அந்துருண்டை, லிக்விட் மூன்றையும் அதே வாரம் நிறுத்திவிட்டதால் எது காரணம் என்று சொல்ல முடியவில்லை. குறைந்திருக்கிறது. குறட்டைக்கான பரிசோதனைக்குத் தேதி வாங்கியிருக்கிறேன் டாக்டர்.

எண்ணூர்க்காரன்

எல்லோரும் ஜன்னலைத் திற, காற்றை விடு என்கிறீர்கள். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் காலையில் கையை வைத்தால் கறுப்பாக ஒட்டும். அனல்மின் நிலையம் ஒரு பக்கம், நாள் முழுக்க கன்டெய்னர் லாரி ஒரு பக்கம். இங்கே காலதரைத் திறந்தால் வருவது தென்றல் இல்லை ஐயா.

வெள்ளைக்கோட்டு

நியாயமான கேள்வி. நுண்துகளுக்கு (பிஎம் 2.5) நம் நாட்டு வரம்பு ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5. அந்த வித்தியாசத்தில்தான் நாம் வாழ்கிறோம். உங்கள் ஊரில் ப்யூரிஃபையருக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

எண்ணூர் நண்பருக்கு: இழுப்பதை விட்டுவிட்டு உள்ளே தள்ளுங்கள். வெளிச்சுவரில் நாலங்குல ஓட்டை, அதில் சின்ன ஃபேன், ஃபேனுக்கு முன்னால் ஃபில்டர். காற்று அந்த ஒரு வழியாக மட்டும் வடிகட்டி உள்ளே வரும், மற்ற இடுக்குகள் வழியாக வெளியே போகும். எக்ஸாஸ்ட் போட்டால் எல்லா இடுக்கு வழியாகவும் புழுதி உள்ளே வரும், அதை வடிகட்ட முடியாது. ஃபில்டர் இரண்டு மாதத்தில் கறுத்துவிடும், மாற்ற வேண்டும்.

நேரமும் பாருங்கள். விடியற்காலைக் காற்று சுத்தம் என்பது மார்கழி, தை மாதத்தில் பொய். குளிர்ந்த காற்று தரையோடு படிந்து புகையை மேலே விடாது. மத்தியானம் கடற்காற்று வந்த பிறகு திறப்பது நல்லது. போகியன்று திறக்கவே வேண்டாம். 2018 போகியில் சென்னை விமான நிலையத்திலேயே புகைமூட்டத்தால் விமானங்கள் தாமதமானது நினைவிருக்கும்.

ஏசிமெக்கானிக்_மதுரை

மூன்றாம்மாடி சார், ஃபேன் சத்தத்துக்கு வழி சொல்கிறேன். சீலிங் ஃபேனுக்கு மாட்டுகிற ரெகுலேட்டரை அதில் போடாதீர்கள். எக்ஸாஸ்ட் மோட்டார் உறுமும், சூடாகும். சத்தம் கம்மியான, வேகம் இரண்டு நிலையில் வைக்கிற டக்ட் ஃபேன் கிடைக்கிறது. நாலங்குலம் போதும், உங்கள் கணக்குக்கு 100 கன மீட்டர் போட்டது வாங்குங்கள். வெளிப்பக்கம் தானாக மூடிக்கொள்கிற ஷட்டர் கேளுங்கள். இல்லாவிட்டால் ஃபேனை நிறுத்தியதும் டக்ட் வழியாகக் கீழ்வீட்டு வாசனை உங்கள் படுக்கைக்கு வரும்.

ஏசியையும் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். ஃபில்டர் மட்டும் இல்லை, உள்ளே ஊதுகிற உருளையில் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளி இருந்தால் பூஞ்சை.

மூன்றாம்மாடி

ஷட்டர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது நேற்றே நடந்துவிட்டது. இரண்டாம் மாடியில் வஞ்சிரம் வறுத்தார்கள், எங்கள் போர்வை வரை மணந்தது. மகளுக்குப் பசி வந்துவிட்டது.

டக்ட் ஃபேன் மாட்டிவிட்டேன். குறைந்த வேகத்தில் 1,060, தூக்கம் கெடவில்லை. ஏசி ஆப்பில் பார்த்தால் ராத்திரிக்கு 1.2 யூனிட் கூடுதல். பூஞ்சையும் இருந்தது மதுரை அண்ணா, உருளை முழுக்க.

அப்பா கீசரை வெளியே மாற்றச் சம்மதிக்கவில்லை. "இருபது வருஷமா குளிக்கிறேன்" என்கிறார். தம்பியை அனுப்பி அட்டையைக் கிழிக்கச் சொல்லியிருக்கிறேன், கதவின் கீழ்ப்பக்கம் ஜல்லடை வைக்கவும் தாழ்ப்பாளை எடுக்கவும். பிளம்பர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், அவர் வருவதற்கு முன்னால் அப்பா அங்கே குளிக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

குன்னூர்க்குளிர்

ஜல்லடையும் தாழ்ப்பாளும் போதாது தம்பி. ஞாயிறு வரை சிலிண்டரைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள், அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளிக்கட்டும்.

மூன்றாம்மாடி

கழற்றியாயிற்று. அம்மாவே கழற்றிவிட்டார், ரெகுலேட்டர் அம்மாவின் அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் இருக்கிறதாம்.